கருப்பை உட்சுவரில் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா? ஸ்கேன், டாப்ளர், ஹிஸ்டரோஸ்கோப்பி, பயாப்சி: எதை வைத்து முடிவெடுப்பது

மாதவிடாய் நின்று நாலைந்து வருடம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு நாள் ரத்தக்கறை. ஸ்கேன் எடுத்தால் அறிக்கையில் இரண்டு வரி: "எண்டோமெட்ரியம் தடிமன் 11 மில்லிமீட்டர். ரத்த ஓட்டம் கூடியுள்ளது." எண்டோமெட்ரியம் என்றால் கருப்பையின் உட்சுவர். முதல் வரியைவிட இரண்டாவது வரிதான் தூக்கத்தைக் கெடுக்கும். புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய ரத்தக்குழாய்களைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்று எங்கேயோ படித்திருப்போம். அப்படியானால் ரத்த ஓட்டம் கூடினால் புற்றுநோய்தானே?

நான் திசுக்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கும் நோய்க்குறியியல் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி பல வடிவங்களில் என்னிடம் வந்து சேரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தக்குழாய்கள் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் இருப்பது என்ன நோய் என்பதைத் திசுதான் சொல்லும். கீழே வரும் வழிகளை எல்லாம் இந்த ஒரு அளவுகோலால்தான் அளக்கப்போகிறேன்.

குழாய்கள் ஏன் அங்கே முளைக்கின்றன

வளர்ந்த உடம்பில் புதிய ரத்தக்குழாய் முளைப்பது அபூர்வம். காயம் ஆறும்போது முளைக்கும், கர்ப்பத்தில் முளைக்கும், சினைப்பையில் மாதாமாதம் கொஞ்சம் முளைக்கும். இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கருப்பையின் உட்சுவர். மாதவிடாயில் மேலடுக்கு உதிர்ந்து போனபின், அடியில் மிஞ்சும் மெல்லிய அடுக்கிலிருந்து இரண்டு வாரத்துக்குள் புதுத் திசு எழும்பும். அதனுள்ளே சுருள் தமனிகள் ஏறிவரும். 1940இல் மார்க்கீ என்ற ஆய்வாளர் இதை நேரில் பார்க்க ஒரு விசித்திரமான வழி கண்டுபிடித்தார். ரீசஸ் குரங்கின் கருப்பை உட்சுவரிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து அதே குரங்கின் கண்ணின் முன்னறையில் ஒட்டினார். கருவிழியே ஜன்னலாகிவிட்டது. தமனிகள் சுருள்வதும், இறுகுவதும், பிறகு ரத்தம் கசிவதும் மாதாமாதம் கண் முன்னால் நடந்தன.

ஆக, இங்கே குழாய் வளர்வதே நோய் என்று சொல்ல முடியாது. வளரச் சொல்லும் கட்டளை நிற்காமல் தொடர்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வளரச் சொல்லும், புரோஜெஸ்டிரோன் நிறுத்தச் சொல்லும். மாதவிடாய் நின்றபின் சினைப்பையிலிருந்து புரோஜெஸ்டிரோன் வருவதில்லை. ஆனால் உடல் பருமன் இருந்தால் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டிருக்கும். தடுக்க ஆள் இல்லாமல் உட்சுவர் தடிக்கத் தொடங்குகிறது. இதுதான் ஹைப்பர்பிளேசியா, அதாவது மிகைவளர்ச்சி.

தடிக்கும் திசுவுக்குப் பிராணவாயு வேண்டும். ஒரு தந்துகியிலிருந்து அது பரவும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். 1971இல் ஜூடா ஃபோக்மன், கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமென்றால் புதுக் குழாய்களை வரவழைத்தே ஆக வேண்டும் என்று எழுதியது இதை வைத்துத்தான். குழாய்களை வரவழைக்கும் முக்கியப் புரதம் விஇஜிஎஃப். 1983இல் முதலில் அது வேறு பெயரில் கண்டுபிடிக்கப்பட்டது. குழாய்ச் சுவரைக் கசியவைக்கும் காரணி என்றுதான் அப்போது அழைத்தார்கள். அந்தப் பழைய பெயரை மறந்துவிடக் கூடாது என்பேன். இந்தப் புதுக் குழாய்கள் ஏன் தொட்டால் ரத்தம் விடுகின்றன என்பதற்கான விடை அதில் இருக்கிறது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் மிகப் பரவலான எண்டோமெட்ரியாய்டு வகையில் மிக அடிக்கடி பழுதாகும் மரபணு பிடென். செல்லின் பிரேக் அது; அது போனால் விஇஜிஎஃப் உற்பத்தியும் ஏறும். புற்றுநோய்க்கு முந்திய நிலையிலேயே பல நேரங்களில் இந்த பிரேக் போயிருக்கும்.

கடைசி வாக்கியம்தான் தலைவலி. குழாய் வளர்ச்சி புற்றுநோயோடு ஆரம்பிப்பதில்லை, அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. சாதாரண உட்சுவர், மிகைவளர்ச்சி, செல்கள் உருமாறத் தொடங்கிய மிகைவளர்ச்சி, ஆரம்பநிலைப் புற்றுநோய் என்று வரிசையாக எடுத்துக் குழாய்களை எண்ணினால் சராசரிகள் பொதுவாக ஏறிக்கொண்டே போகும். ஆனால் சராசரி என்பது கூட்டத்துக்கு. ஒரு பெண்ணின் எண்ணை மட்டும் கையில் கொடுத்து அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேட்டால், படிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடப்பதால் பதில் சொல்ல வராது.

தடிமன் மட்டும் அளப்பது

யோனி வழி ஸ்கேனில் தடிமன் பார்ப்பது எளிது, வலி குறைவு, எல்லா இடத்திலும் கிடைக்கும். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்ட பெண்ணுக்கு 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 100க்கு ஒன்றைவிடக் குறைவு. ஆகவே ஆரம்பத்துக்கு இதை மிஞ்ச வேறு பரிசோதனை கிடையாது.

மூன்று இடத்தில் இது காலை வாரும். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கும் பெண்ணில் தடிமன் தேதிக்குத் தேதி மாறும், 4 என்ற கணக்கு அங்கே செல்லாது. சீரஸ் போன்ற முரட்டு வகைப் புற்றுநோய் மெலிந்த உட்சுவரிலிருந்தும் கிளம்பும். மூன்றாவது, அளவு குறைவாக இருக்கிறதே என்று விட்டபிறகும் ரத்தம் மறுபடி வந்தால், ஸ்கேன் எண் எதுவாக இருந்தாலும் பயாப்சிக்குப் போய்விட வேண்டும்.

டாப்ளர்

ஸ்கேனிலேயே ஓடும் ரத்தத்தை வண்ணமாகக் காட்டும் முறை இது. நம் கதையின் இரண்டாவது வரி இங்கிருந்துதான் வந்தது. 2010இல் வெளியான ஐஇடிஏ என்ற சர்வதேசச் சொல்வரையறை ரத்த ஓட்டத்துக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண் கொடுக்கிறது: 1 என்றால் ஓட்டமே தெரியவில்லை, 4 என்றால் ஏராளம். இந்த மதிப்பெண்ணைவிடக் குழாய்கள் எப்படி நுழைகின்றன என்ற அமைப்புதான் எனக்கு உபயோகமாகப் படுகிறது. ஒரே ஒரு தடித்த குழாய் தண்டு மாதிரி உள்ளே போனால் பாலிப்பாக, அதாவது உட்சுவரிலிருந்து நீட்டும் சதைவளர்ச்சியாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓரத்தைச் சுற்றி வளையமாக ஓடினால் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டி. பல இடங்களிலிருந்து பல குழாய்கள் ஒழுங்கில்லாமல் நுழைந்தால் சந்தேகம் வலுக்கிறது.

அறிக்கையில் வெறுமனே "ரத்த ஓட்டம் கூடியுள்ளது" என்று இருந்தால், மதிப்பெண் என்ன, அமைப்பு என்ன என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத வரிக்குப் பெரிய அர்த்தம் இல்லை. இயந்திரத்தின் திருகைக் கொஞ்சம் திருப்பினால் அதே கருப்பையில் வண்ணம் கூடும், குறையும். அதோடு, டாப்ளர் பார்ப்பது ஓடும் ரத்தத்தை. புதிதாக முளைக்கும் தந்துகியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருக்கும். அது டாப்ளர் கண்ணுக்குப் படாது. அதற்குத் தீனி போடும் பெரிய குழாய்தான் திரையில் தெரிகிறது. எனவே வண்ணம் இல்லாத தடித்த உட்சுவரைப் பார்த்து நிம்மதி அடைவதும் தப்பு, வண்ணம் நிறைய இருப்பதைப் பார்த்து அறுவைக்கு நாள் குறிப்பதும் தப்பு. டாப்ளரால் பயாப்சியைத் தள்ளிப்போட முடியாது. எந்த வகையான பயாப்சி என்று தேர்ந்தெடுக்க உதவும்.

பார்க்காமல் எடுக்கும் பயாப்சி

மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பது. வெளிநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடத்தில் முடியும், மயக்க மருந்து வேண்டாம். நோய் உட்சுவர் முழுக்கப் பரவியிருந்தால் இது நன்றாகவே பிடிக்கும். ஒரு மூலையில் மட்டும் இருந்தால் தவறவிட வாய்ப்பு உண்டு. பழைய முறையான சுரண்டி எடுப்பதும் பெரிய மேல் இல்லை: 1975இல் வெளியான ஓர் ஆய்வில் 10 பேரில் 6 பேருக்கு உட்சுவரில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை என்று தெரிந்தது.

எனக்கு இதில் ஒரு பழைய கசப்பு. ஒரு பாட்டில் வந்தது. உள்ளே ரத்தக்கட்டியும் சளியும், சுரப்பி என்று சொல்ல நாலைந்து துணுக்குகள். "போதுமான திசு இல்லை" என்று எழுதி அனுப்பினேன். அங்கே யாரோ அதை "ஒன்றும் இல்லை" என்று படித்துவிட்டார்கள். மாதங்கள் கழித்து மறுபடி ரத்தம் பட்டு, கேமரா வைத்துப் பார்த்து எடுத்தபோது கருப்பைக் குழாய் திறக்கும் மூலையில் ஆரம்பநிலைப் புற்றுநோய். திசு போதவில்லை என்பதும் நோய் இல்லை என்பதும் ஒரே பொருள் தருவதாக இன்றும் பலர் நினைக்கிறார்கள்.

ஹிஸ்டரோஸ்கோப்பி

மெல்லிய கேமராவை உள்ளே செலுத்தி, திரவத்தால் கருப்பையை விரித்துப் பார்க்கும் முறை. ரத்தக்குழாய்களைப் பொறுத்தவரை இதுதான் மார்க்கீயின் ஜன்னல். ஆரோக்கியமான உட்சுவரில் குழாய்கள் சன்னமாக, மரக்கிளை மாதிரி, போகப்போக மெலிந்துகொண்டே பிரியும். சந்தேகமான இடத்தில் இந்த ஒழுங்கு கலைந்துவிடும். ஒரு குழாய் திடீரென்று அகலமாகும், அடுத்த வளைவில் ஒடுங்கும், திருகு மாதிரி சுழன்று எங்கேயும் போய்ச் சேராமல் நின்றுவிடும். கருவியின் முனை உரசியதும் ரத்தம் பூத்து வரும். குறுகிய அலைநீளப் பட்டைகளில் மட்டும் ஒளியைப் பாய்ச்சும் வசதி இருந்தால், 415, 540 நானோமீட்டர் ஒளியை ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்வதால் குழாய்கள் பழுப்பும் நீலப்பச்சையுமாக எடுப்பாகத் தெரியும்.

இந்தக் குழாய்களைப் பார்த்தே புற்றுநோய் என்று முடிவுகட்டினால் ஹிஸ்டரோஸ்கோப்பியும் ஏமாற்றும். உருமாற்றம் உள்ள மிகைவளர்ச்சியும் ஆரம்பப் புற்றுநோயும் கேமராவில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இதன் பலமே, சந்தேகமான அந்த இடத்திலிருந்தே இடுக்கியால் திசுவைக் கிள்ளி எடுக்கலாம் என்பதுதான். குழாய் இடத்தைக் காட்டுகிறது, இடுக்கி அங்கே போகிறது, திசு பதில் சொல்கிறது. திரவத்தின் அழுத்தத்தில் புற்றுச் செல்கள் வயிற்றறைக்குள் சிதறுமே என்ற பயம் பலருக்கு உண்டு. செல்கள் போவது நடக்கக்கூடியதுதான். அதனால் ஆயுள் குறைவதாக நிரூபணம் ஆகவில்லை. அழுத்தத்தைக் குறைவாக வைத்துக்கொள்வது வழக்கம்.

என்னிடம் கேட்டால்: டாப்ளரில் ஓரிடத்தில் மட்டும் சந்தேகம் என்றால் நேராக இதற்குப் போகலாம். உட்சுவர் முழுக்க ஒரே மாதிரி தடித்திருந்தால் பார்க்காமல் எடுக்கும் பயாப்சியே போதும்; அதில் ஒன்றும் இல்லை என்று வந்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் அப்போது ஹிஸ்டரோஸ்கோப்பி.

ஆய்வகத்தில் குழாய்களை எண்ணுவது

இணையத்தில் தேடிவிட்டு வருகிறவர்கள் சிலர், "நுண்குழாய் அடர்த்தி பார்க்கச் சொல்லலாமா, விஇஜிஎஃப் பரிசோதனை செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். இது என் மேஜை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1991இல் வைட்னர் குழு மார்பகப் புற்றுநோயில் செய்து காட்டிய முறையே இன்றும் அடிப்படை. குழாயின் உட்பூச்சுச் செல்களைப் பழுப்பாக்கும் எதிர்ப்பொருளைத் தகட்டில் இடுவோம். குறைந்த உருப்பெருக்கத்தில் தகடு முழுக்க அலைந்து, பழுப்பு மிக நெரிசலாக இருக்கும் இடத்தைத் தேடுவோம். பிறகு 200 மடங்கில் அங்கே எண்ணுவோம். குழாய்க்கு நடுவே துளை தெரிய வேண்டும் என்றில்லை, தனியாக நிற்கும் ஒரே ஒரு பழுப்புச் செல்லும் ஒரு குழாய்தான்.

எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் இதன் தொல்லை. சுரப்பிகள் முதுகோடு முதுகு ஒட்டி நெருக்கியிருக்கும். நடுவே நூல் போல மிஞ்சிய இடத்தில் பழுப்புக் கீற்றுகள். இது ஒரு குழாயின் வளைவா, இரண்டு குழாயா? நான் 60 என்பேன், பக்கத்து மேஜைக்காரர் 45 என்பார். நெரிசலான இடம் எது என்பதிலேயே இருவரும் ஒத்துப்போக மாட்டோம். எந்தச் சாயம் என்பது அடுத்த சண்டை. காரணி 8 சிறிய தந்துகிகளை விட்டுவிடும். சிடி34 தாராளமாகச் சாயமேற்றும், சில இடங்களில் குழாய் அல்லாத செல்களையும் சேர்த்துக்கொள்ளும். சிடி105 புதிதாக முளைக்கும் குழாய்களையே அதிகம் பிடிக்கும் என்பதால், ஆராய்ச்சிக்கு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் அதையே எடுப்பேன். விஇஜிஎஃப் சாயம் ஒரே தகட்டில் ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் வெளுப்பு.

இத்தனை பாடுபட்டு வரும் எண் சிகிச்சையை மாற்றுகிறதா? இல்லை. மிகைவளர்ச்சிக்கோ ஆரம்பப் புற்றுநோய்க்கோ, இத்தனைக்கு மேல் இருந்தால் அறுவை, கீழே இருந்தால் மாத்திரை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட கோடு எதுவும் கிடையாது. காசு கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இது இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கருப்பையை எடுத்தபின் வரும் அறிக்கையில் "நிணநீர், ரத்தக்குழாய் இடைவெளி ஊடுருவல்" என்று ஒரு வரி இருக்கும். இது குழாய் வளர்ந்ததைப் பற்றியது அல்ல, ஏற்கெனவே இருக்கும் குழாய்க்குள் புற்றுச் செல் புகுந்ததைப் பற்றியது. இதற்கு மதிப்பு மிக அதிகம். 5 அல்லது அதற்கு மேற்பட்ட குழாய்களில் புகுந்திருந்தால், ஃபிகோ என்ற சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் 2023 நிலைப் பகுப்பில் நோய் கருப்பைக்குள்ளேயே இருந்தாலும் 2பி நிலைக்கு ஏறிவிடும். குழாய் என்ற சொல் இரண்டிலும் வருவதால் படித்தவர்களே மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

பயாப்சி முடிவு வந்தபின்

இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உருமாற்றம் இருக்கிறதா, இல்லையா? 2014இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மிகைவளர்ச்சிக்கு இந்த இரண்டு பெட்டிகள்தான். முன்பு நான்கு இருந்தன. 1985இல் கர்மன் குழு 170 பெண்களைப் பின்தொடர்ந்து எழுதிய கணக்கு அந்த நான்கு வகைக்குமானது: உருமாற்றம் இல்லாத இரண்டு வகைகளில் புற்றுநோயாக மாறியது முறையே 1, 3 சதவீதம், உருமாற்றம் உள்ள இரண்டில் முறையே 8, 29 சதவீதம்.

உருமாற்றம் இல்லை என்றால் மருந்துதான் முதல் தேர்வு. மருந்துக்குள் மாத்திரையா, லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்தை விடும், கருப்பைக்குள் வைக்கும் சாதனமா? நான் சாதனத்தின் பக்கம். 2016இன் பிரிட்டிஷ் வழிகாட்டுதலும் அதையே முதலில் வைக்கிறது. 52 மில்லிகிராம் மருந்தைச் சுமக்கும் அது ஆரம்பத்தில் நாளொன்றுக்கு சுமார் 20 மைக்ரோகிராம் வீதம் வேண்டிய இடத்திலேயே விடும். மாத்திரையை மறக்கலாம், இதை மறக்க முடியாது. குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, பயாப்சி எடுத்துப் பார்க்க வேண்டும்.

சாதனம் வைத்த முதல் சில மாதங்களில் ஒழுங்கற்ற ரத்தக்கசிவு சகஜம். புரோஜெஸ்டிரோன் வகை மருந்து உட்சுவரை ஒடுக்கும்போதே அங்கே அகன்ற, மெல்லிய சுவருள்ள, எளிதில் உடையும் குழாய்களை உண்டாக்குகிறது. கேமராவில் பார்த்தால் பயமுறுத்தும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துச் சாதனத்தை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. சிகிச்சை நடக்கும்போது குழாய்களின் சாட்சி செல்லாது, பயாப்சி மட்டுமே செல்லும்.

உருமாற்றம் இருந்தால் கணக்கு வேறு. கருப்பையை எடுப்பதே பரிந்துரை. காரணம் எதிர்காலம் மட்டுமில்லை. உருமாற்றம் உள்ள மிகைவளர்ச்சி என்று பயாப்சி சொன்ன 289 பெண்களின் கருப்பையை எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006இல் வந்தது, அதில் 42.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் அப்போதே அங்கே இருந்தது. குழந்தை வேண்டும் என்பவருக்கும், அறுவையைத் தாங்க முடியாதவருக்கும் சாதனம் வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை பயாப்சி எடுத்துக் கண்காணிக்கும் வழி உண்டு. அது பாதுகாப்பான குறுக்குவழி என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

புற்றுநோய் என்றே வந்துவிட்டால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எம்ஆர்ஐ எடுப்பார்கள். இங்கே ஒரு வேடிக்கை. சாயம் செலுத்தி எடுத்த படத்தில், புதுக் குழாய்களை வளர்த்த கட்டி பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்ப்போம். படத்திலோ அதைச் சுற்றியிருக்கும் கருப்பைத் தசைதான் பளிச்சென்று தெரியும், கட்டி மங்கலாக இருக்கும். தசையின் ஒழுங்கான ரத்த ஓட்டத்தோடு இந்த அவசரக் குழாய்களால் போட்டி போட முடியவில்லை.

குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளையும் கேட்பார்கள். பெவாசிசுமாப் விஇஜிஎஃபைப் பிடித்து முடக்கும். திரும்பவந்த அல்லது முற்றிய நோயுள்ள 52 பேருக்குக் கொடுத்த 2011 ஆய்வில் 7 பேருக்குக் கட்டி சுருங்கியது. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் லென்வாட்டினிப் மாத்திரையை, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்துத் தருவதும் முற்றிய நோய்க்குத்தான். ஆரம்பநிலையிலோ அதற்கு முந்திய நிலையிலோ இவற்றுக்கு இடமில்லை. அறுவையே பெரும்பாலோரைக் குணமாக்கும் கட்டத்தில், ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஒரு மருந்தை எதற்கு எடுப்பது?

ஹிஸ்டரோஸ்கோப்பிக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் கேட்க ஒரு சின்ன விஷயம். சந்தேகமான குழாய்கள் இருந்த இடத்துத் திசுவை ஒரு பாட்டிலிலும், மற்ற இடத்துத் திசுவை இன்னொரு பாட்டிலிலும் போட்டு, மேலே இடத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: "வலது மூலை, முறுக்கிய குழாய்கள்" என்று நாலு வார்த்தை. ஒட்டுச்சீட்டில் அது இருந்தால், முதல் தகட்டில் ஒன்றும் அகப்படாவிட்டாலும் அந்தத் துண்டை இன்னும் ஆழமாக வெட்டி இரண்டாவது, மூன்றாவது தகடு போட்டுப் பார்ப்பேன்.